மலக்குகளின் கேள்வியும் ஒரு கடலோர கிராமமும்

அல்பகறா அத்தியாயத்தின் முப்பதாம் வசனத்தை நாம் பாடம் நடத்தும் ஆண்டுகளிலெல்லாம் மாணவர்களில் எவரேனும் ஒருவர் ஒரே ஐயத்தை எழுப்புவது வழக்கம். பூமியில் ஒரு பிரதிநிதியை ஏற்படுத்தப் போவதாக அல்லாஹ் அறிவித்தபோது, அங்கே குழப்பம் விளைவித்து இரத்தம் சிந்தக்கூடிய ஒன்றையா ஏற்படுத்தப் போகிறாய் என்னும் கருத்தில் மலக்குகள் வினவினார்கள். இன்னும் படைக்கப்படாத மனிதனின் இயல்பை அவர்கள் எவ்வாறு அறிந்தார்கள்? தஃப்ஸீர் ஜலாலைனைத் திறந்து, மனிதனுக்கு முன்பு பூமியில் வாழ்ந்த ஜின் கூட்டத்தார் செய்த குழப்பத்தை வைத்தே அவ்வாறு கேட்டனர் என்னும் விளக்கத்தை எடுத்துரைப்போம். மாணவர் நிறைவுடன் அமர்ந்துவிடுவார். நமக்கோ நிறைவு ஏற்படுவதில்லை. மனித வரலாறு முழுவதும் மலக்குகளின் பக்கம் நின்றே சாட்சி கூறுகிறதோ என்று எண்ணத் தோன்றும் நாட்கள் நம் வாழ்வில் குறைவல்ல.

மனிதனை அவன் போக்கில் விட்டால் அவன் என்னவாக ஆவான்? அவனுக்கு மேல் ஓர் ஒழுங்கை நிறுத்தி வைத்தால் அவன் திருந்திவிடுவானா? இவ்வினாவைத் தத்துவ நூல்கள் விவாதித்துள்ளன. நாவல்களோ பாத்திரங்களை உயிருடன் நடமாட விட்டுச் சோதித்துப் பார்க்கின்றன. அவ்வகைச் சோதனைகளில் இரண்டினை இங்கு ஒப்பிட விரும்புகிறோம். ஒன்று, 1954இல் வெளிவந்த வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’. மற்றொன்று, 1988இல் நூல் வடிவம் பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. முன்னது உலகப் பல்கலைக்கழகங்களின் பாடநூல். பின்னது நம் வீட்டுக் கதை. வீட்டுக் கதை என்பதாலேயே நம்மவர் சிலர் அதன்மீது மனத்தாங்கல் கொண்டனர். சமுதாயத்தின் அழுக்கை அந்நியர் முன் சலவை செய்துவிட்டார் என்பது அவர்களுடைய முறையீடு. அந்த முறையீடு எந்த அளவுக்கு நியாயமானது என்பதும் இக்கட்டுரையின் ஊடே தெளிவாகும் என்று நம்புகிறோம்.

ஆளில்லாத் தீவு

கோல்டிங் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றியவர். போருக்குப் பின் பள்ளி ஆசிரியராக இருந்தபோது இந்நாவலை எழுதினார். அவருக்கு முன் 1857இல் பேலன்டைன் என்பவர் எழுதிய ‘பவளத் தீவு’ என்னும் சிறுவர் கதை ஆங்கில வீடுகளில் பெரிதும் வாசிக்கப்பட்டது. தீவில் ஒதுங்கிய மூன்று ஆங்கிலச் சிறுவர்கள் துணிவுடனும் நற்பண்புடனும் வாழ்ந்து காட்டுவதாக அமைந்த கதை அது. கொடுமை முழுவதும் வெளியிலிருந்து வரும் ‘காட்டு மனிதர்’களிடம் மட்டுமே உண்டு என்பது அதன் உள்ளெண்ணம். போரைக் கண்ட கோல்டிங்கினால் அதை நம்ப முடியவில்லை. அதே பாணியில் சிறுவர்களைத் தீவில் இறக்கி, அவர்களுடைய உள்ளங்களையே காடாக்கிக் காட்டினார்.

அவருடைய பாத்திரங்கள் ஒவ்வொருவரும் ஒரு பண்பின் சுமையைத் தாங்கி நிற்கின்றனர். வாக்கெடுப்பின் வழியே தலைவனாகும் ரால்ஃப் ஒழுங்கின் பிரதிநிதி. சங்கினைக் கையில் வைத்திருப்பவருக்கே பேசும் உரிமை என்பது அவனுடைய ஆட்சியின் சட்டம். மூக்குக் கண்ணாடி அணிந்த பிக்கி, பகுத்தறிவு. அவன் கண்ணாடியிலிருந்தே நெருப்பு பிறக்கிறது. ஆனால் அவன் சொல்லைக் கேட்பார் இல்லை. தேவாலயப் பாடகர் குழுவின் தலைவனாக, கறுப்பு அங்கியுடன் அறிமுகமாகும் ஜாக், வேட்டைக்காரனாகி, முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு, வெறியின் தலைவனாகிறான். அஞ்ச வேண்டிய மிருகம் தம் உள்ளேயே உள்ளது என்பதை உணர்ந்த சைமனைக் கூட்டம் அடித்துக் கொன்றுவிடுகிறது.

இவர்களுள் நம் கவனத்தை மிகுதியும் ஈர்ப்பவன் ரோஜர். தொடக்கத்தில் அவன் ஒரு சிறு பிள்ளையை நோக்கிக் கல் எறிகிறான். ஆனால் மேலே படாதவாறு தள்ளியே எறிகிறான். பெற்றோரும் பள்ளியும் காவலரும் சட்டமும் கண்ணுக்குப் புலப்படாத வேலியாக அப்பிள்ளையைச் சுற்றி நிற்கின்றனர். நாட்கள் செல்லச் செல்ல அவ்வேலி மறைகிறது. இறுதியில் அதே ரோஜர் பெரும்பாறையை உருட்டிவிட்டுப் பிக்கியைக் கொல்கிறான்; சங்கும் அப்போதே நொறுங்குகிறது. மனிதனின் நல்லொழுக்கம் என்பது பிறர் கண்ணுக்கு அஞ்சிய அடக்கமே என்று கோல்டிங் கூறாமல் கூறுகிறார்.

நாவலின் பெயரும் கருதத்தக்கது. ‘ஈக்களின் தலைவன்’ என்பது பஅல்ஸெபூப் என்னும் பழைய எபிரேயப் பெயரின் பொருள். அரபி மாணவர்களுக்கு அதில் ‘துபாப்’ என்னும் சொல் ஒலிக்கும். அல்லாஹ்வையன்றி அழைக்கப்படுபவை ஓர் ஈயைக்கூடப் படைக்க இயலாதவை, அந்த ஈ பறித்துச் செல்வதைக்கூட மீட்க இயலாதவை என்னும் அல்ஹஜ் அத்தியாயத்தின் உவமை உடனே நினைவுக்கு வரும். கம்பத்தில் செருகிய பன்றித்தலையைச் சுற்றி ஈக்கள் மொய்க்க, அச்சத்தினால் அதற்குப் படையல் வைக்கும் சிறுவர்களைப் படிக்கையில், அச்சம் எவ்வாறு தெய்வங்களை உற்பத்தி செய்கிறது என்பது விளங்கும்.

ஆயினும் கோல்டிங்கின் முடிவை முழுமையாக ஏற்பதற்கில்லை. வாழ்க்கை வேறொரு சான்றைத் தந்திருக்கிறது. 1965இல் டோங்கா நாட்டுப் பள்ளி மாணவர் அறுவர் படகில் புறப்பட்டு, புயலில் சிக்கி, ‘அடா’ என்னும் ஆளற்ற தீவில் ஒதுங்கினர். பதினைந்து மாதங்கள் அங்கே கழிந்தன. 1966 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மாலுமி பீட்டர் வார்னர் அவர்களைக் கண்டு மீட்டபோது, அவர்கள் வேலைகளைப் பகிர்ந்துகொண்டு, மூட்டிய நெருப்பை அணையாமல் காத்து, கால் முறிந்த தோழனைப் பேணிக் குணப்படுத்தியும் இருந்தனர். சண்டை வந்தால் சற்று நேரம் பிரிந்திருந்து மீண்டும் கூடுவது அவர்களுடைய வழக்கமாம். வேலி அகன்றவுடன் எல்லாரும் ரோஜர்களாகிவிடுவதில்லை.

இதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, 1185இல் மறைந்த அந்தலூசிய மேதை இப்னு துஃபைல் தம் ‘ஹய் இப்னு யக்ளான்’ கதையில் ஒரு குழந்தையைத் தனித்தீவில் விட்டுப் பார்த்தார். மான் ஒன்று பாலூட்டி வளர்க்கும் அக்குழந்தை, தன் ஆராய்ச்சியினாலேயே படைத்தவனை உணரும் நிலைக்கு உயர்கிறது. 1671இல் இலத்தீனிலும் பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்ட இந்நூல் ஐரோப்பிய அறிஞர்களிடையே பரவியது. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவிலேயே பிறக்கிறது என்னும் நபிமொழியின் நிழல் அக்கதை முழுவதும் படர்ந்திருக்கிறது. ஆனால் இப்னு துஃபைல் வெறும் நன்னம்பிக்கையாளர் அல்லர். ஹய், மனிதர் வாழும் அண்டைத் தீவுக்குச் சென்று உண்மையைப் போதிக்கையில் தோல்வியுற்றுத் திரும்புகிறான். தனியனாகத் தூய்மையுடன் விளங்கியவனுக்கு, ஒழுங்கும் சடங்கும் நிறைந்த ஊரில் வழி கிடைக்கவில்லை. ஆகவே சிக்கல் தீவில் இல்லை, ஊரில் இருக்கிறது. அந்த ஊருக்குத்தான் தோப்பில் மீரான் நம்மை அழைத்துச் செல்கிறார்.

ஊர் என்னும் தீவு

மீரான் 1944இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அவ்வூர் 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது. மலையாள வழியில் கல்வி கற்று, மிளகாய் வணிகம் செய்துகொண்டே தமிழில் எழுதியவர். ‘சாய்வு நாற்காலி’க்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2019இல் திருநெல்வேலியில் காலமானார். அவருடைய முதல் நாவல் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்தது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது. நம் சமுதாயத்தின் இதழே அதற்கு இடமளித்தது. அந்நியர் முன் சலவை என்னும் குற்றச்சாட்டின் பாதி வலிமை இங்கேயே குன்றிவிடுகிறது.

கோல்டிங்கின் தீவில் பெரியவர்கள் இல்லை. மீரானின் கடலோர கிராமத்தில் பெரியவர்கள் இருக்கிறார்கள், பள்ளிவாசல் இருக்கிறது, பாங்கொலி இருக்கிறது, குடும்பப் பெருமையும் ஊர்க் கட்டுப்பாடும் இருக்கின்றன. ஒழுங்கிற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் உண்டு. அந்த ஒழுங்கின் உருவம் வடக்கு வீட்டு அஹமதுகண்ணு முதலாளி. அவர் சொல் ஊரின் சட்டம்; அவர் சினம் ஊரின் தண்டனை. அவரை எதிர்த்துப் பேசுவதும் மார்க்கத்தை எதிர்த்துப் பேசுவதும் ஒன்றே என்று ஊர் நம்ப வைக்கப்பட்டிருக்கிறது.

அவரைச் சுற்றி நிற்கும் பாத்திரங்களைக் காண்போம். பள்ளிவாசலை அண்டிப் பிழைக்கும் அசனார் லெப்பை வறியவர். அவருடைய இல்லாமையே அவரை முதலாளியின் வாசலில் கட்டிப்போட்டிருக்கிறது. அவரைப் படிக்கும்போது நம் வகுப்பாருக்குச் சற்றே முகம் சுருங்கும். ஆனால் உலமாவின் வயிற்றைச் செல்வர் கையில் ஒப்படைத்துவிட்டு, அவருடைய நாவில் மட்டும் சுதந்திரத்தை எதிர்பார்க்கும் ஊர்களை நாம் அறியோமா? அடுத்து, வெளியிலிருந்து வந்து ஊரின் பக்தியை முதலீடாக்கிக்கொள்ளும் தங்ஙள். ஜாக்கின் கூட்டம் பாடகர் அங்கியில் அறிமுகமானதை முன்னர்க் கண்டோம். புனித உடை உள்ளத்துக்குப் பொறுப்பேற்காது என்பதை இரு ஆசிரியர்களும் தம்முள் கண்டறியாமலேயே ஒருமித்துச் சொல்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவன் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது. செல்வமோ குலப்பெருமையோ அவனிடம் இல்லை. முதலாளிக்குத் தலைவணங்க மறுக்கும் முதுகெலும்பு மட்டுமே உண்டு. கோல்டிங்கின் பிக்கியிடம் அறிவு இருந்தது, அஞ்சாமை இல்லை. மஹ்மூதிடம் ஏட்டறிவு இல்லை, அஞ்சாமை இருக்கிறது. அல்லாஹ்வுக்கு மட்டுமே குனிய வேண்டிய தலையை மனிதன் முன் குனிய மறுக்கும் அவனே, ஏட்டில் படிக்காத தவ்ஹீதை அந்த ஊரில் வாழ்ந்து காட்டுபவன். மீரான் இதை விளக்கி உரைக்கவில்லை. அவனை நடக்க விடுகிறார், நாமே கண்டுகொள்கிறோம்.

முதலாளியின் மகள் ஆயிஷாவோ ஒழுங்கு கேட்கும் பலி. அத்தை மகன் பரீதுவின்பால் அவள் கொண்ட அன்பு, குடும்பப் பெருமையின் முன் பேச்சுக்கும் உரியதாகவில்லை. அந்தஸ்துக்கு ஏற்ற இடம் என்று தந்தை தேர்ந்த மணவாழ்வு அவளை விழுங்கிவிடுகிறது. மணப்பெண்ணின் சம்மதத்தை நிபந்தனையாக்கிய மார்க்கத்தின் பெயரால் இயங்கும் ஊரில், அவள் சம்மதத்தைக் கேட்பார் ஒருவரும் இல்லை. யாரும் முகத்தில் வண்ணம் பூசவில்லை, ஈட்டி தூக்கவில்லை. ஆயினும் இதற்கு வேறென்ன பெயர்?

சீருடையும் வண்ணப்பூச்சும்

இங்கேதான் இரு நாவல்களும் பிரிகின்றன. ஒழுங்கு அகன்றால் வெறி நுழையும் என்பது கோல்டிங்கின் கதை. கேள்வி கேட்க ஆளில்லாத ஒழுங்கே வெறியாக மாறிவிடும் என்பது மீரானின் கதை. கோல்டிங்கும் இதனை முற்றிலும் அறியாதவர் அல்லர். இறுதியில் சிறுவர்களை மீட்க வரும் கடற்படை அதிகாரி தூய வெள்ளைச் சீருடையில், இடுப்பில் கைத்துப்பாக்கியுடன் நிற்கிறார். அவருடைய கப்பலும் மனித வேட்டைக்கே புறப்பட்டது. எனினும் நாவலின் பெரும்பகுதியில் காட்டுத்தனத்தின் அடையாளம், வண்ணம் பூசிய உடலும் கூச்சலிடும் நடனமுமே. காலனிய ஏடுகள் நம்மைப் போன்ற மக்களுக்கு ஒட்டிய அடையாளத்தையே அவரும் எடுத்தாண்டுவிட்டார்.

புதுச்சேரி மண்ணில் வாழ்வோர்க்கு இதனை எளிதில் உணர்த்திவிடலாம். நாம் வசிக்கும் சேதராப்பட்டு இன்று ஒரு தொழிற்பேட்டை. ஷிஃப்ட் மாறும் வேளையில் சாலை நிறைய வந்து போகும் தொழிலாளர்கள், எட்டு மணி நேர வேலை என்பதை இயல்பான ஏற்பாடாகவே கருதுவர். அந்த உரிமைக்காகவும் பிற கோரிக்கைகளுக்காகவும் புதுச்சேரியின் ஆலைத் தொழிலாளர் போராடியபோது, 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் பன்னிரண்டு பேரைச் சுட்டு வீழ்த்தின. மறு ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. சுட்டவர்கள் தீவில் தொலைந்த சிறுவர்கள் அல்லர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அரசு முத்திரையில் பொறித்துக்கொண்ட ஒழுங்கின் சீருடைக் காவலர்கள். ஆட்சி ஒழுங்கு கொல்லும். ஊர் ஒழுங்கு ஒடுக்கும். இரண்டையும் காட்டுத்தனம் என்று அழைக்கத் தயங்குவதற்குக் காரணம், அவை அணிந்துள்ள உடையே.

அரபி மொழி இவ்விடத்தில் நமக்கு ஓர் ஒளியைத் தருகிறது. ‘ஜாஹிலிய்யா’ என்பதை அறியாமைக் காலம் என்று பெயர்க்கிறோம். பழைய அரபி வழக்கில் ‘ஜஹ்ல்’ என்னும் சொல் ‘இல்ம்’ என்பதற்கு மட்டும் எதிர்ச்சொல் அன்று. ‘ஹில்ம்’ என்பதற்கும் எதிர்ச்சொல். ஹில்ம் என்பது ஆற்றல் கையில் இருக்கும்போது தன்னை அடக்கிக்கொள்ளும் பொறுமை. சினம் தலைக்கேறி, குலப்பெருமையில் மதர்த்து, எதிர்ப்பட்டவரை மிதித்துச் செல்லும் மூர்க்கமே ஜஹ்ல். அரபு நாட்டுக் குலங்களுக்குச் சட்டமும் மரபும் இல்லாமல் இல்லை. ஹில்ம் இல்லாத ஒழுங்கே அங்கு நிலவியது. அஹமதுகண்ணு முதலாளி தொழுகை வரிசையில் நின்றாலும் அந்த அளவுகோலின்படி ஜாஹிலிய்யாவின் குடிமகனே. பூமியில் குழப்பம் செய்யாதீர்கள் என்று கூறப்பட்டால் நாங்கள் சீர்திருத்தவாதிகளே என்று பதிலளிப்போரைக் குறித்து அதே அல்பகறா அத்தியாயம் எச்சரிப்பதும் இவரைப் போன்றோரை நோக்கித்தான்.

பெயர்களைக் கற்பித்தல்

இப்போது மலக்குகளின் கேள்விக்குத் திரும்புவோம். அல்லாஹ் அக்கேள்விக்கு அளித்த விடை என்ன? மனிதன் இரத்தம் சிந்தமாட்டான் என்று மறுக்கவில்லை. நீங்கள் அறியாததை நான் அறிவேன் என்னும் கருத்தில் பதிலுரைத்து, ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்கள் அனைத்தையும் கற்பித்தான். கல்வியே விடையாக அமைந்தது. தீமைக்கும் இறையச்சத்துக்குமான உணர்வு இரண்டுமே ஆன்மாவுக்கு உணர்த்தப்பட்டிருப்பதாக அஷ்ஷம்ஸ் அத்தியாயம் அறிவிக்கிறது. இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பதை முடிவு செய்யும் வாயில்களில் முதன்மையானது அறிவு.

மீரானின் நாவலில் மோதல் வெடிக்கும் இடமும் இதுவே. கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் வருகிறது. வெளியூரிலிருந்து மெஹபூப்கான் என்னும் ஆசிரியர் வருகிறார். ஆங்கிலப் படிப்பு ஹராம் என்னும் கூச்சல் எழுகிறது. முதலாளியின் அச்சம் மார்க்கத்தைக் குறித்தது அன்று. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை நாளை கணக்குக் கேட்கும். பெயர்களைக் கற்றவன் பொருள்களைத் தன் கண்ணால் பார்ப்பான். பிறகு வடக்கு வீட்டின் திண்ணைக்கு என்ன மதிப்பு? மலக்குகளின் ஐயத்துக்கு அல்லாஹ் எதை விடையாக வைத்தானோ, அதன் வாசலை அல்லாஹ்வின் பெயராலேயே அடைக்க முற்படுகிறார் முதலாளி. இந்நாவலின் கனத்த முரண் இதுதான். இரத்தம் சிந்துபவன் மலக்குகளின் ஐயத்தை ஒரு முறை மெய்ப்பிக்கிறான். கல்வியை அடைப்பவனோ அதைத் தலைமுறை தலைமுறையாக மெய்ப்பிக்கிறான்.

கோல்டிங்கின் தீவில் பிக்கியின் கண்ணாடி களவு போகிறது. மீரானின் ஊரில் கண்ணாடி அணியும் நாளே வரக்கூடாது என்று தடுக்கிறார்கள். எந்த இழப்பு பெரிது என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

ஒரு குறையும் ஒரு கடமையும்

நாவலின்மீது நமக்குக் குறையே இல்லை என்று கூறமாட்டோம். மார்க்கத்தின் பெயரால் இந்நாவலில் முன்னிற்பவர் பெரும்பாலும் வலுவற்றவராகவோ வஞ்சகராகவோ அமைந்துவிட்டனர். முதலாளியின் முன் நின்று, நீர் சொல்வது தீன் அன்று என்று எடுத்துரைக்கும் ஆலிம் ஒருவர் தென்படவில்லை. தமிழகத்தில் அத்தகையோர் இருந்தனர். கல்வியை மார்க்கக் கடமையாகக் கண்ட பெரியோரின் முயற்சியாலேயே வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி 1951இலும் எழுந்தன. ஃபித்ராவின் குரலை மஹ்மூதிடம் மட்டும் ஒப்படைத்தது நாவலின் சமநிலையைச் சற்றே சாய்க்கிறது. தான் கண்ட ஊரில் அத்தகைய ஆலிமை ஆசிரியர் காணவில்லை போலும் என்று அமைதி கொள்ளலாம். ஆனால் அந்த அமைதி நமக்குப் பெருமை தருவதன்று.

மேலும், கோல்டிங்கின் பாத்திரங்கள் கருத்துகளின் உருவங்களாகவே இறுதிவரை நிற்கின்றனர். ரோஜருக்குத் தாய் யார், அவன் வீட்டில் அவனை அடித்தவர் யார் என்பது நமக்குத் தெரியாது. மீரானின் பாத்திரங்களோ முதலில் மனிதர்கள், பிறகே கருத்துகள். முதலாளியின் வீழ்ச்சியைப் படிக்கையில் வெறுப்பினூடே இரக்கமும் சுரக்கிறது. அழகிய அமைப்பில் படைக்கப்பட்டுத் தாழ்ந்தோரினும் தாழ்ந்தவனாகத் தள்ளப்படுபவன் என்று அத்தீன் அத்தியாயம் உணர்த்தும் இரு முனைகளும் ஒரே மனிதனிடம் இருப்பதை நாவல் காட்டிவிடுகிறது. இரக்கத்தை எழுப்பும் எழுத்து சமுதாயப் பகையாக இருக்க இயலாது. நோயை மறைப்பவனைக் காட்டிலும் நாடி பார்ப்பவனே உறவினன்.

முதலாளிகள் இன்று அதே உருவில் இல்லை. ஆங்கிலம் ஹராம் என்போரும் அநேகமாக இல்லை. ஆயினும் மகளின் மேற்படிப்பை அந்தஸ்தின் பெயரால் நிறுத்தும் தந்தையர், கணக்குக் கேட்டவரை ஜமாஅத்திலிருந்து ஒதுக்கிவைக்கும் நிர்வாகங்கள், லெப்பையின் சம்பளத்தை மட்டும் தள்ளிவைத்துக்கொண்டே போகும் ஊர்கள் மறைந்துவிட்டன என்று எவர் உறுதி கூறுவார்? ஆகவே அரபிக் கல்லூரி மாணவர்கள் இந்நாவலைப் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. அசனார் லெப்பையின் இடத்தில் நாளை நிற்கப் போகிறவர்கள் அவர்களே. அவர் நின்ற நிலைக்குத் தள்ளப்படாதிருக்க ஊர் என்ன செய்ய வேண்டும், தாம் எதைச் சொல்லத் துணிய வேண்டும் என்பதை அவர்கள் முன்கூட்டியே எண்ணியிருத்தல் நன்று.

அடுத்த ஆண்டும் முப்பதாம் வசனத்தில் அதே கேள்வி எழும். ஜலாலைனின் விளக்கத்தைக் கூறிய பின் நாம் பாடத்தை அங்கே நிறுத்தப் போவதில்லை. அடுத்த வசனத்தையும் சேர்த்தே ஓதச் சொல்லி, அந்தக் கடலோர கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் கதையையும் அவர்களுக்குக் கூறுவோம், இன்ஷா அல்லாஹ்.